சவேரியாருக்கு நேர்ந்த பெயர்

என் தங்கச்சியின் மகள் குறை மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, நான் யாரையும் கேட்காமல் ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளை தப்பிப் பிழைத்தால் எங்கள் அப்பாவின் பெயரை, அதாவது புனித சவேரியாரின் பெயரை, அதற்கு வைப்பதாக. கோவிலில் வைத்து நேரவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், துணி மடிக்கிற அறையில், கையில் ஈரத் துவாயோடு நின்று நேர்ந்தேன். தங்கச்சியின் கணவன் தொலைபேசியில் அழைத்து, பிள்ளை மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறது என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் வைத்துவிட்டான். டென்மார்க்கில் நான் சில்க்போர்க்கில், அவர்கள் டோஸ்ட்ருப்பில். நடுவில் பாதி நாடும் ஒரு கடலும். அந்த நேரத்தில் என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

மன்னார்க் கத்தோலிக்கர் வீட்டில் நேர்த்தி விளையாட்டுக் காரியமில்லை. வாயால் சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கே அந்தப் பெயர் நேர்த்தியில் வந்தது. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் நிற்கவில்லையாம். இது நின்றால் உம்முடைய பெயர்தான் என்று அப்பாவின் தாய் சவேரியாரிடம் நேர்ந்து, பிறகு பிறந்தவர் அவர். டென்மார்க்குக்கு நாங்கள் வந்தபோது, நம் வழக்கப்படி எங்கள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்குள்ளவர்கள் அதைப் பரம்பரைப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என்னைச் சம்பளச் சீட்டிலும், வைத்தியரிடமும், பேருந்து அட்டையிலும் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் செத்த பிறகும் நாளுக்கு நாலு தரமாவது யாராவது ஒரு டேனிஷ்காரர் அவரைக் கூப்பிட, நான் போய் நிற்கிறேன்.

தங்கச்சி கலியாணம் கட்டியதும் பெயரை மாற்றிக்கொண்டாள். நான் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அச்சில் ஏறாது. ஆக, எங்கள் வீட்டில் அந்தப் பெயர் என்னோடு முடிகிற பெயர். பிள்ளை பெண் என்றாலும் பரவாயில்லை, இந்த நாட்டில் பரம்பரைப் பெயரை நடுப்பெயராக வைக்கலாம் என்றெல்லாம் நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். பொய் சொல்லக்கூடாது. பிள்ளையின் உயிர் ஒரு பக்கம், இந்த ஆசையும் ஒரு பக்கம் இருந்தது.

சிக்கல் என்னவென்றால் தங்கச்சி கட்டிப் போன வீடு பெந்தெகொஸ்தே வீடு. அங்கே புனிதர்கள் கிடையாது, சுருவச் சிலை கிடையாது, நேர்த்தி என்ற சொல்லே கிடையாது. அவளுடைய மாமனார் சபையில் மூப்பர். நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மெல்லிய குரல், ஆனால் சொன்னால் அசையாத மனிதர். கலியாணத்தின்போது நான் மாதா படம் என்று சொல்லி ஒரு பரிசை நீட்ட, அவர் சிரித்த முகத்தோடு அதை உறையைக்கூடப் பிரிக்காமல் என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது தங்கச்சியின் முதல் பிள்ளைப்பேறு இல்லை. இதற்கு முன் ஒரு ஆண் பிள்ளை, மாதம் நிறையப் போகிற நேரத்தில், வயிற்றிலேயே இறந்து பிறந்தது. நம் ஆட்கள் எல்லாரும் அதைக் ‘கரைஞ்சு போச்சு’ என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அடக்கத்துக்கு ஒருவரும் வரவேண்டாம் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். கூடப் பிறந்த என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். கொஞ்ச நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், ஆனால் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த முறை நான் நேர்ந்து வைக்காமல் விட்டேனே என்பது மட்டும் எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. அதனால்தான் இந்த முறை துணி அறையிலேயே நேர்ந்துவிட்டேன்.

லீவு எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். அந்தக் குழந்தைகள் பிரிவில் சத்தமே இல்லை, கருவிகளின் கீச்சுச் சத்தம் மட்டும்தான். பெட்டிக்குள் கிடந்த பிள்ளை என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. மூக்கில் குழாய், காலில் ஒரு சிவப்பு வெளிச்சம். இன்னும் பெயர் வைக்காததால் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் டேனிஷில் ‘பெண்’ என்று போட்டு, பக்கத்தில் தங்கச்சியின் கடைசிப் பெயரை எழுதியிருந்தார்கள். உயிருக்குப் போராடுகிற பிள்ளைக்குக் கூப்பிடுவதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

அன்று பின்னேரமே தங்கச்சியிடம் நேர்த்தியைச் சொன்னேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியின் ஓட்டைக்குள் கை விட்டுப் பிள்ளையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தவள், கையை எடுக்காமலே, என்னைப் பார்க்காமலே தள்ளிப்போட்டாள்.

“பேந்து கதைப்பம் அக்கா.”

அவள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இது அந்த வீட்டுச் சட்டம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போனால் மாமா நடைபாதையில் தேநீர் நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். மகன் சொல்லியிருப்பான்போல, நான் வாயெடுக்க முன்பே அவர் சொல்லிவிட்டார்.

“பிள்ளை, அந்தப் பேர் இவவுக்கு வேண்டாம்.”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். சவேரியார் உங்களுக்கு என்ன குறை வைத்தவர் என்று கேட்டேன். வேறு எந்தப் பெயரையும் நீங்களே தெரிந்தெடுத்து வையுங்கோ, நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன். எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் அதைத் தன் பக்கத்துக் கதிரையில் வைத்தார். அது அங்கேயே ஆறிப்போனது.

அடுத்த நாள் பிள்ளைக்குக் கிருமி பிடித்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே உடம்பு நிறம் மாறியது. கருவி கத்தியது. தாதிகள் ஓடிவந்து எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தங்கச்சி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மாமா கண்ணை மூடி வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெயரை வைக்க விடாமல் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் போகிறாரே இந்த மனிதர் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இந்தச் சொற்களில்தான். நேர்ந்தது நான், அதற்குத் தடை அவர், நடுவில் கிடக்கிறது பிள்ளை. என் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மருந்து ஏற்றினார்கள். நிறம் திரும்பியது. ஆனால் இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அந்த ‘இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது’ என்பதை அவர்கள் ஒவ்வொரு காலையும் சொன்னார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பிள்ளைகளோடு நிற்கும் குடும்பங்களுக்கு அங்கே சமைத்துச் சாப்பிட ஒரு சின்னக் குசினி உண்டு. குளிர்ப்பெட்டியில் சாப்பாடு வைத்தால் மேலே பெயர் எழுதி ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எறிந்துவிடுவார்கள். வேலையிடத்துப் பழக்கத்தில் நான் மீன் குழம்புப் பெட்டியில் என் கடைசிப் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு மத்தியானம் கறுத்தத் தலைமுடியுள்ள தாதி ஒருத்தி குளிர்ப்பெட்டியைத் திறந்தவள், அப்படியே நின்று, என் பெயரைத் தன் உச்சரிப்பில் வாசித்து, இங்கே யார் சவியேர் என்று கேட்டாள். குழம்பு மணக்கிறது என்று குறை சொல்லத்தான் வந்துவிட்டாள் என்று நான் சண்டைக்கு ஆயத்தமானேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள். எச்செபெரியா என்று இருந்தது. இதுவும் உன்னுடையதும் ஒரே பெயர் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள மலையடிவாரத்துப் பாஸ்க்காரி. வேலைக்காக இங்கே வந்தவள். அவளுடைய டேனிஷ் என்னுடையதைவிட மோசம், அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. புது வீடு. அவர்கள் பக்கத்தில் பெயர் தகப்பனிடமிருந்து வருவதில்லையாம், வீட்டிலிருந்து வருமாம். ஒரு வீட்டுக்கு யார் வாழப் போனாலும், மருமகனாகவே போனாலும், அந்த வீட்டின் பெயரைச் சொல்லித்தான் அவர்களைக் கூப்பிடுவார்களாம்.

புது வீடு என்று எத்தனையோ வீடு, ஆகையால் எத்தனையோ குடும்பம். ஸ்பானியர் வாயில் அது ஹவியேர் ஆனது, எச்செவெரியா ஆனது. பிரெஞ்சுப் பக்கத்தில் எச்செவெரி. கப்பலேறித் தென்னமெரிக்காவுக்குப் போனவர்களிடம் சவர்ரியா. போர்த்துக்கேயருக்கு ஷவியேர், ஆங்கிலேயருக்கு சேவியர். அந்தப் பெயருள்ள ஒரு கோட்டை வீட்டில் பிறந்த பையன் ஒருவன் சாமியாராகிப் போர்த்துக்கேயக் கப்பலில் கிழக்கே போனான், அது எனக்குத் தெரியும் என்றேன். அவனைத்தான் நாங்கள் சவேரியார் என்கிறோம். எங்கள் கரையில் சவிரி, சவிரிமுத்து, சவிரியம்மா என்று வீட்டுக்கு வீடு இருக்கிறது என்றேன். அவள் சவிரியம்மா, சவிரியம்மா என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வீட்டின் பெயர், கடலோரத்தில் மீன் பிடிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஏறி, அங்கிருந்து யுத்தத்துக்குத் தப்பி ஓடி, டென்மார்க் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் மீன் குழம்புக்கு மேல் வந்து நிற்கிறது. நானும் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

அவள் போன பிறகு முதலில் எனக்குச் சப்பென்று இருந்தது. அப்பாவின் பெயர் அப்பாவுடையதும் இல்லை, புனிதருடையதும் இல்லை, யாரோ கட்டிய வீட்டுடையது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புனிதர் பெயர்தானே மாமாவுக்கு ஆகாது? இது புனிதர் பெயரே இல்லையே! வீட்டுப் பெயரை வைக்க எந்த வேதம் தடுக்கும்? இனி அவர் என்ன சொல்லி மறுக்கிறார் பார்ப்போம் என்று மனதுக்குள் கச்சை கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் எல்லாரும் அந்தக் குசினியில் இருந்தோம். தங்கச்சி பால் எடுத்துச் சின்னப் போத்தல்களில் நிரப்பி, மூடி, ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சாப்பிடப் பாண் வெட்டினான். மாமா வழக்கம்போல் சுடுதண்ணிப் போத்தலோடு. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் தானாக மூச்செடுக்கவில்லை. நான் நேரம் பார்த்துத் தொடங்கினேன். பாஸ்க் நாட்டிலிருந்து தொடங்கிக் கப்பல், கோவா, மன்னார் என்று வழக்கறிஞர் மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசியில் மாமாவைப் பார்த்துச் சொன்னேன்.

“அது சாமி பேர் இல்லை மாமா. வீட்டுப் பேர். புது வீடு எண்டு அர்த்தம். இனி உங்களுக்கு என்ன தடை?”

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மருமகளைப் பார்த்தார். நானும் திரும்பினேன். தங்கச்சி கையிலிருந்த பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

“புது வீடோ?” என்றாள்.

ஓம் என்றேன், வென்றுவிட்ட குரலில். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. அவள் கணவன் கத்தியை வைத்துவிட்டு வந்து அவளுடைய தோளில் கை வைத்தான். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. நான் எதையோ மிதித்துவிட்டேன். எதை என்று தெரியவில்லை.

“அக்கா, அந்தப் பேர் வச்சாச்சு.”

“ஆருக்கு?”

“மூத்தவனுக்கு.”

எந்த மூத்தவன் என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல காலம், கேட்கவில்லை.

“நீங்கள் எல்லாரும் கரைஞ்சு போச்சு எண்டு சொன்னனீங்கள். நான் அவனை மடியில வச்சிருந்தனான் அக்கா. அப்பான்ர மூக்கு. நகமெல்லாம் இருந்தது. பேர் இல்லாமல் அவனை மண்ணுக்குள்ள விட என்னால ஏலேல்லை.”

மிச்சத்தை அவள் கோர்வையில்லாமல் சொன்னாள். இந்த நாட்டில் இறந்து பிறந்த பிள்ளைக்கும் பெயர் வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் பெயரைத்தான் அவளுக்கு வைக்கத் தோன்றியது. ஆனால் மாமனாரிடம் சொல்லப் பயம். புனிதர் பெயருள்ள பிள்ளைக்குச் சபை மூப்பர் ஜெபம் செய்வாரா? வேறு வழியில்லாமல் அழுதுகொண்டு சொன்னாளாம். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். குழியருகே நின்று, அந்தப் பெயரைச் சொல்லி, எங்கள் பிள்ளை என்று சொல்லி, ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தாராம். இதை ஒருவரும் கதைக்கக் கூடாது, கதைத்தால் என் பிள்ளையைத் திரும்பவும் கரைஞ்சு போச்சு என்பார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் அந்த வாக்கை என்னிடம்கூட உடைக்கவில்லை. நான் அவரை என்னவெல்லாம் நினைத்தேன்! தேநீரை வாங்காமல் முகத்தைத் திருப்பினேனே, அது அந்த இடத்திலேயே எனக்கு நினைவு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்படியென்றால் நான் நேர்ந்தது, என்று என் வாய் தானாகக் கேட்டது. அந்த நிலையிலும் எனக்கு அதுதான் பயம். பிள்ளை உள்ளே குழாயோடு கிடக்கிறது, நேர்ந்த பெயர் வைக்காவிட்டால் என்ன ஆகும்?

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ அக்கா? என்ர பிள்ளையைக் காட்டி ஆரோடயோ பேரம் பேச முன்னம், என்னை ஒருக்கால் கேட்டனீங்களோ?”

வாய் நீளம் என்று ஊரே சொல்கிற நான் மேசையில் கிடந்த ஒட்டுத்தாள்களைப் பொறுக்கி அடுக்கினேன். அவள் பால் போத்தல்களை எடுத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.

மறுநாள் காலை மாமா என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். தங்கச்சிதான் காட்டச் சொல்லி விட்டாளாம். டோஸ்ட்ருப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. காற்றாடிகள், சின்ன விளக்குகள், மழையில் நனைந்த கரடிப் பொம்மைகள். அவர் ஒரு கல்லுக்கு முன்னால் குந்தி, சட்டைப் பையிலிருந்து பழைய பல் தூரிகை ஒன்றை எடுத்து எழுத்துகளுக்குள் பிடித்திருந்த பாசியைத் தேய்த்தார். அடிக்கடி வருகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. என் பெயருக்குக் கடைசியில் நிற்கும் பெயர் அந்தக் கல்லில் முதலில் நின்றது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. இந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க உங்களுக்கு மனம் உறுத்தவில்லையா என்று கேட்டேன்.

“அது பிள்ளையின்ர பேர், பிள்ளை” என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அங்கேயே சவேரியாரோடும் கதைத்து முடித்தேன். உம்முடைய பெயரை முன்னமே ஒரு பிள்ளைக்கு வைத்தாயிற்று, நான் வாய்க்கொழுப்பில் ஒரே பெயரை இரண்டாம் தரம் நேர்ந்துவிட்டேன், இந்தப் பிள்ளையிடம் வந்து ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொன்னேன். கெஞ்சவில்லை. சண்டை பிடிக்கிற குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் வராது. ஆனாலும் அதற்குப் பிறகு பிள்ளையின் கருவி கீச்சிட்ட ஒவ்வொரு தரமும் நான் எழுந்து பெட்டியருகே போய் நின்றேன். நேர்த்திப் பயம் ஒரு காலையில் விட்டுப் போகிற பயமில்லை.

குழாயை எடுத்தார்கள். திரும்பப் போட்டார்கள். பிறகு ஒரேயடியாக எடுத்தார்கள். பெட்டியிலிருந்து தொட்டிலுக்கு வந்தாள். தாய் தகப்பன் தேடிப் பிடித்த பெயரைக் கைபேசியிலேயே அரசுப் பதிவில் ஏற்றினார்கள். எங்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. வாயில் இலகுவாக வருகிற, அவளுக்கென்றே ஆன புதுப் பெயர். பாஸ்க் தாதி வந்து பார்த்து, அழகான பெயர் என்றாள். நான் ஓம் என்றேன். மனதார ஓம் என்றேன் என்று சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு கிழமைக்குள் டோஸ்ட்ருப் சனம் எல்லாம் பார்க்க வந்தது. சபை ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் கோவில் ஆட்கள் ஒரு பக்கம். நான் றோல்ஸ் பலகாரம் சுட்டுச் சுட்டுக் கை சளைத்துப்போனேன். ஒரு அன்ரி, கெட்ட மனுசி இல்லை, பிள்ளையைக் கையில் வாங்கிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, இதுதானே முதல் பிள்ளை, எவ்வளவு காலம் காத்திருந்து வந்தது என்றாள். மாமா கதவுப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றார். தங்கச்சியின் முகம் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகமாக மாறி, தலை குனிந்தது. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லக் கூடாது என்று என்னிடமும் கேட்கவில்லை. இந்த முறை நான் வாயைத் திறக்க முன்னம் அவளைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, சம்மதமாக மெல்ல ஆட்டினாள்.

“இல்லை அன்ரி, இவ ரெண்டாவது” என்றேன். “மூத்தவன்ர பேர் சவேரியார்.”

சபை ஆட்கள் மூப்பரின் முகத்தைப் பார்த்தார்கள். மாமா கோப்பையை ஜன்னல் ஓரத்தில் வைத்தார்.

“ஓம்” என்றார். “எங்கட மூத்த பேரன்.”